பழகாத கை

டிஸ்க் என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? நம் வயசுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நடுவில் ஓட்டை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மயில் கழுத்துப்போல நிறம் மாறும். விரல் அடையாளம் பட்டுவிடும் என்று ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். ஒரு முழு விளையாட்டே அதற்குள் சுருண்டு கிடந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால், கிழவி கதை விடுகிறாள் என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள்.

எனக்கு அந்தப் பார்வை புதிது இல்லை. எழுபது கடந்துவிட்டது. பத்து வயதில், ஒரு பருவம் முழுவதும் எல்லாரும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான்; நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் ஒட்டாது என்று நம்பித் தொடங்குகிறேன்.

கியூ காலம் என்றால் உங்களுக்கு விளங்கும். சமையல் காஸுக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ, பால்மாவுக்குக் கியூ. பெட்ரோல் இல்லை என்று பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டார்கள். பாடமெல்லாம் போனில் வரும் என்றார்கள். எங்களிடம் இருந்தது பட்டன் போன். அதில் மணி அடிக்கும், பாடம் வராது.

நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் என்றால் பூ, மரம் என்று நினைக்க வேண்டாம். ஒரே சுவரில் முதுகு சாய்த்த வரிசை அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பைப். அப்பா இல்லை. எங்கள் அறைக் கதவில் பூட்டுப் போட வழி இல்லை. நாதாங்கி எப்போதோ கழன்று போயிருந்தது. அம்மா வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் சமையலும் துப்புரவும் செய்தாள். பள்ளிக்கூடம் இருந்த வரையில் பிரச்சினை இல்லை. மூடிய பிறகு என்னை எங்கே விடுவது? தோட்டத்து ஆண்கள் எல்லாம் வேலையில்லாமல் பைப்படியில் குந்தியிருந்த நாட்கள் அவை. பூட்டில்லாத அறையில் பெண் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு அம்மா போகமாட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு போக விட்டால்தான் அவளுக்கு வேலை. வேலை இருந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும்.

அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் மூச்சு விட இடமிருக்காது. கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பான். முன்னால் போக எங்கே இடம்? யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பை என் கன்னத்தில் சூடாக ஒட்டியிருக்கும். வெள்ளவத்தையில் இறங்கி, கடற்கரைப் பக்கமாகப் போகிற ஒரு ஒழுங்கையில் நடந்தால் அந்தக் கட்டடம். கரண்ட் இல்லாத நேரம் லிப்ட் ஓடாது. படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு வீட்டுக் குழம்பு மணக்கும்.

அந்த வீட்டில் இரண்டு பேர். ஒருவர் டீச்சர். பென்ஷன் எடுத்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். அஞ்சாம் வகுப்பில் எழுதுகிற ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதில் பேர் பெற்றவர். கியூ காலத்தில் காலை வகுப்பைக் கம்பியூட்டர் வழியாக நடத்தினார். மற்றவர் அவருடைய மகன். வீட்டிலிருந்தே கம்பியூட்டர் வேலை. அதைவிட இன்னொரு வேலையும் செய்தார். புதிதாக ஒரு வீடியோ கேம் வந்தால் அதை முழுக்க விளையாடிப் பார்த்து, வாங்கலாமா விடலாமா என்று வீடியோவில் சொல்வார். கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். கூப்பிடுவேன் என்று எழுதிவிட்டேன்; உண்மையில் வாய் திறந்து கூப்பிட்டது மிகக் குறைவு.

முதல் நாள் டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வேலைக்கு ஒருவர் என்றுதான் பேச்சு, பிள்ளையையும் வைத்துப் பார்க்கத் தன்னால் முடியாது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கெஞ்சினாள். பிள்ளை வெளியே படியில் இருந்துகொள்ளும், சாப்பாடும் வேண்டாம் என்றாள். சாப்பாடு வேண்டாம் என்றது எனக்கு அப்போது பெரிய கோபம்.

படியில் சில நாள் இருந்தேன். ஒரு நாள் மழை சாய்ந்து அடித்ததால் டீச்சர் உள்ளே கூப்பிட்டார். சும்மா கூப்பிடவில்லை. ஸ்கொலர்ஷிப் வகுப்புப் பிள்ளை என்று அம்மா சொல்லியிருந்ததால், மேசைக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார். கேள்விகள் எனக்குத் தெரியும். காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னவைதான். ஆனால் அவருடைய கண்ணாடிக்கு மேலாக வந்த அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் உறைந்துவிட்டது. காலின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொக்குப் பிள்ளை," என்று டீச்சர் அம்மாவிடம் சொன்னார். "இதுக்கு ஒண்டும் ஏறாது. வீணா ஸ்கொலர்ஷிப், அது இது எண்டு ஆசையை வளர்க்காதை."

அம்மா "சரிங்க டீச்சரம்மா" என்றாள். குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தாள். அன்றைய கறிக்கு வெங்காயமே தேவைப்படவில்லை.

அந்தப் பேச்சைத் தன் அறையிலிருந்து கேட்ட அண்ணா வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்னே பின்னே கேம் ஏதாவது விளையாடியது உண்டா என்று கேட்டார். தலையாட்டினேன். போனில் கூட இல்லையா? இல்லை. கொட்டாஞ்சேனையில் கேம் கடை இருக்கிறதே, அங்கே எட்டிப் பார்த்ததும் இல்லையா? இல்லை. டீச்சரிடம் திரும்பி, "அப்ப இவள்தான் சரி," என்றார்.

ஏன் சரி என்று பிறகுதான் விளங்கியது. அவரிடம் ஒரு புது கேம் வந்திருந்தது. ஜப்பான் கார்ட்டூன் ஒன்றை வைத்துச் செய்த சண்டை விளையாட்டு. கடைக்கு வர முன்பே கம்பெனிக்காரர்கள் அவருக்கு அதன் டிஸ்க் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். இப்படியான விளையாட்டை எடை போடும்போது அவர் ஒரு முறை வைத்திருந்தார். படம் எப்படி, சத்தம் எப்படி, கதை எப்படி, கைக்கு எப்படி என்பதெல்லாம் தானே பார்ப்பார். கடைசியாக, ஒன்றும் தெரியாத ஒருவர் வந்தால் இந்த விளையாட்டு அவரை உள்ளே விடுமா, வெளியே தள்ளுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பழகாத கை வேண்டும். அவருடைய சிநேகிதர்கள் எல்லாரும் பழகிய கைகள். டீச்சர் தொடவே மாட்டார். டிஸ்க் போடுகிற அந்தப் பெட்டிக்குள் பேய் பிசாசு இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

இப்படித்தான் நான் படியிலிருந்து அறைக்குள் வந்தேன். கூடவே மத்தியானச் சாப்பாடும் வந்தது. அம்மாவின் வேலையும் நின்றது, நிலைத்து நின்றது என்று சொல்கிறேன். மகனுக்குத் தேவை என்றபடியால் டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

அண்ணா எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"பழகிப் போடாதை. விளங்குதோ? உனக்குத் தோணுற பட்டனை அமத்து. நான் ஒண்டும் சொல்லித் தரமாட்டன். நீ பழகிட்டியெண்டா எனக்குப் பிரயோசனமில்லை."

நான் தலையாட்டினேன். பழகக் கூடாது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதில் ஏதும் விசித்திரம் இருப்பதாக அங்கே யாருக்கும் படவில்லை. எனக்கும் படவில்லை.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை உச்சியில் ஒரு பெரிய மணி. அது அடித்தால் ஊர் அழியும். அதை அடிக்க விடாமல் காக்கிற கூட்டம் ஒன்று, அடிக்க வருகிற கூட்டம் ஒன்று. யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு சண்டை போடலாம். கரடித்தோல் போர்த்த சாமியார் ஒருவர், எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற பையன் ஒருவன், இன்னும் பல பேர். நான் எடுத்தது ஒரு குடைக்காரியை. நரைத்த முடி, கையில் கறுப்புக் குடை. குடையைப் பார்த்துத்தான் எடுத்தேன். எங்கள் வீட்டில் குடை இல்லை.

கையில் பிடிக்கிற கருவி கொஞ்சம் பிசுபிசுக்கும். கடற்காற்று அப்படி. பட்டன் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அண்ணா பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைப்பார். அந்த ஸ்பிரிட் மணம் இப்போது எங்கேயாவது ஆஸ்பத்திரியில் அடித்தாலும் எனக்கு ஊசி நினைவு வராது, குடைக்காரிதான் வருவாள்.

ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்தினால் போதும். அவளே குத்துவாள், சுழலுவாள், குடையை விரித்து எதிரியை மேலே தூக்குவாள், கடைசியில் மின்னல் இறங்கும். எனக்கு அது சந்தேகமாக இருந்தது. நான் ஒன்று செய்தால் அவள் பத்துச் செய்கிறாள். இது என் சண்டையா, முன்பே யாரோ போட்டு வைத்த சண்டையா? முதல் நாளே நான் அண்ணாவை ஒரு தரம் வென்றுவிட்டேன். அவர் வேண்டுமென்றே தோற்றாரோ என்று அவருடைய முகத்தைக் கள்ளமாகப் பார்த்தேன். அவரும் என் கையைக் கள்ளமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தி விளையாடினனியோ? பொய் சொல்லாதை."

இல்லை என்று தலையாட்டினேன். அன்றைக்கு அதை நம்பினார்.

அவர் அந்த விளையாட்டை எடை போட்ட விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கார்ட்டூனை ஒரு பக்கம் ஓடவிட்டு நிறுத்துவார். விளையாட்டை மறுபக்கம் நிறுத்துவார். குடைக்காரியின் கைச்சட்டை மடிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றாகத்தான் இருந்தது. கார்ட்டூன் எழுந்து வந்து சண்டை போடுவது மாதிரிதான் இருக்கும். ஆனால் கதையில் கஞ்சத்தனம் பண்ணியிருந்தார்கள். கார்ட்டூனில் குடைக்காரியின் தங்கை மணிக்கயிற்றில் தொங்கிச் சாகிற இடம் நெடுநேரம் வரும். அண்ணாவே மூக்கை உறிஞ்சினார். விளையாட்டில் அந்த இடத்துக்கு ஆடாத அசையாத ஒரு படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதி முடித்திருந்தார்கள். அதற்கு அவர் கோபப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆளைச் சாகடித்தால் ஒழுங்காகச் சாகடிக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார். டீச்சர் வெளியிலிருந்து, விளக்கு வைக்கிற நேரம் இதென்ன கதை என்று சத்தம் போட்டார்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. முந்திய வீடியோக்களுக்குக் கீழே ஆட்கள் எழுதுவார்களாம், ஓசியில் அனுப்பினால் இவர் எதையும் புகழுவார் என்று. அவருடைய சிநேகிதன் ஒருவனும் அதையே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அதனால் இந்த முறை ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டார். விளையாட்டு நன்றாக இருந்தாலும் சந்தேகம், நன்றாக இல்லாவிட்டாலும் சந்தேகம்.

அறைக் கதவை யாரும் சாத்துவதில்லை. அம்மா சாத்த விடுவதில்லை என்பதுதான் சரி. கை ஓய்கிற நேரம், கூட்டுகிற தும்புத்தடியை நிலையோடு சாய்த்து வைத்திருப்பாள். நான் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் அந்த நடையை அவள் கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டிய இடத்தையே கூட்டுவாள். டீச்சர் ஒரு நாள் கேட்டார், இந்த வீட்டில் மண் எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று. கடற்காத்துங்க என்றாள் அம்மா.

டீச்சருக்கு வேறு பயம். மாலையில் நாங்கள் புறப்படும்போது என் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். ஏதோ செல்லமாகத் தட்டுவது போல. கையில் ஒரு பிஸ்கட் தருவார், அதே நேரம் மற்றக் கையால் தட்டுவார். அந்த பிஸ்கட்டை நான் பஸ் ஏறும்வரை வாயில் வைப்பதில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்து, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகம் வேறு மாதிரி இருந்தது. நான் தூக்கத்தில் பெருவிரலால் அவளுடைய முழங்கையை அமத்திக்கொண்டே வந்திருக்கிறேன்.

"அந்த ரூம்ல வேற ஏதாச்சும் நடக்குதா?" என்று காதுக்குள் கேட்டாள். "அம்மாகிட்ட சொல்லு. அம்மா அடிக்க மாட்டேன்."

வேறு என்ன நடக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. விளையாட்டுத்தான் என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இப்போது யோசித்தால், அவள் சந்தேகப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை, ஆள்தான் பிழை. அண்ணா என்னை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது என் கையை மட்டும், அது இன்னும் பழகாமல் இருக்கிறதா என்று.

ஆனால் அது பழகிவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். அந்த விளையாட்டில் ஒருவர் அடிக்க வரும்போது கருவியின் குமிழைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்தால் அடி படாது. பழகியவர்களுக்கு அது தெரியும். பழகாதவர்கள் ஒருபோதும் பின்னுக்குப் போகமாட்டார்களாம். முன்னால் போய் அடிப்பதுதான் அவர்களுக்குத் தெரியும். இது அண்ணா மைக்கில் சொல்லி நான் கேட்டது. நானோ, பிறந்ததிலிருந்து யாரும் கிட்ட வந்தால் பின்னுக்குப் போகிறவள். ஒரு நாள் கரடிச் சாமியார் பாய்ந்து வந்தபோது பயத்தில் கருவியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டேன். பெருவிரலும் கூடவே பின்னுக்கு இழுபட்டது. குடைக்காரி குடையை முன்னால் விரித்து அதற்குப் பின்னால் குனிந்துகொண்டாள். ஒரு பொட்டு உயிர் குறையவில்லை.

அண்ணா அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேண்டுமென்றே செய்து பார்த்தேன், அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம். வேலை செய்தது. அதற்குப் பிறகு என் கண்ணுக்கு எல்லாம் தெரியத் தொடங்கியது. சாமியார் பாயுமுன் தோளைக் குலுக்குவார். ஓட்டக்காரப் பையன் அடித்து முடித்ததும் ஒரு கணம் மூச்சு வாங்குவான். குடைக்காரியின் மின்னல் எட்டுகிற தூரம் எவ்வளவு. யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சர் பின்னக் கணக்குச் சொல்லும்போதும் இதே மாதிரித்தான், யாரும் எனக்குச் சொல்லவில்லை, தெரிந்தது. இரண்டையும் நான் வெளியே காட்டவில்லை.

காட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிரயோசனமில்லை என்பார். திரும்பவும் படி. ஏமாற்றினேன் என்று தெரிந்தால் படியில் இருக்கவும் டீச்சர் விடமாட்டார். பிறகு அம்மா எங்கே போவாள்? ஆகவே அடி வாங்கினேன். சாமியார் தோளைக் குலுக்குவதைப் பார்த்துக்கொண்டே, பேசாமல் நின்று அடி வாங்கினேன். குடைக்காரி விழும்போது நரைத்த முடி அவிழ்ந்து முகத்தை மூடும். ஒவ்வொரு தரமும் எனக்கு அவளிடம் வெட்கமாக இருக்கும்.

அண்ணாவுக்கும் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். முன்பு வென்றவள் இப்போது ஏன் இவ்வளவு தோற்கிறாள் என்று மைக்கில் தன்னோடு தானே பேசினார். ஒரே பட்டன் வித்தை முதல் நாள் மட்டுந்தான் இனிக்கும், பிறகு புதியவர்களை விளையாட்டு கைவிடுகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தார். அதைப் பெரிய குறையாகச் சொல்லப் போவதாகச் சிநேகிதனுக்குப் போனில் சொன்னார். சிநேகிதன் நம்பவில்லை. பிள்ளையும் உண்டா, பட்டனும் உண்டா, எல்லாம் நீ இட்டுக்கட்டியது, நான் வந்து பார்க்கிறேன் என்றான்.

வந்தான். பெட்ரோல் இல்லாததால் சைக்கிளில், வேர்த்துக் கொட்ட. அன்றைக்குப் பகல் கரண்ட் இல்லை, அறை பட்டரியில் ஓடியது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலையருகே நின்றுகொண்டாள். அண்ணா என் கைக்கு நேராக ஒரு கமராவைப் பூட்டினார். முகம் வராது, கை மட்டும்தான் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு அதுவும் சந்தேகம். ஏன் கை மட்டும் என்று கேட்டாள். அண்ணா கமராவின் திருகை இறுக்கினார்.

சிநேகிதன் கரடிச் சாமியாரை எடுத்தான். முதல் ஆட்டம் நான் வழக்கம்போல நின்று அடி வாங்கித் தோற்றேன். "பாத்தியோ?" என்றார் அண்ணா. இரண்டாவது ஆட்டத்திலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவனுக்குச் சலித்துவிட்டது போல. திரையின் அடியில் கோடாகச் சேர்ந்து நிரம்பியிருந்த எல்லாப் பலத்தையும் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டான். திரை முழுக்கச் சிவந்தது. சாமியார் மலையளவு பெருத்து, மேலிருந்து விழுந்தார். அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் நினைத்ததெல்லாம் பேசாமல் நிற்க வேண்டும் என்றுதான். கை நிற்கவில்லை. அது நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது.

குடை விரிந்தது. அடிகள் மழைபோல அதில் விழுந்து தெறித்தன. முடிந்ததும் சாமியார் ஒரு கணம் மூச்சு வாங்க நின்றார். அந்தக் கணத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். மின்னல் இறங்கியது.

சிநேகிதன் சிரித்தான். "மச்சான், இது பழக்கின பிள்ளை. கம்பெனிக்காரன் உனக்கு எவ்வளவு தாறான்?"

அண்ணாவின் காது சிவந்துவிட்டது. விளையாட்டை நிறுத்தினார். பட்டரி பீப் பீப் என்று கத்தியது.

"ஆர் உனக்குப் பழக்கினது?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பயத்தில் இழுத்தேன் என்று சொல்லியிருக்கலாம், அது பாதி உண்மை. கருவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அம்மாதான் பேசினாள். அந்த வீட்டில் அவள் கேட்காமல் பேசியது அன்றைக்குத்தான்.

"நீங்கதாங்க தம்பி. இத்தன நாளா பக்கத்துல ஒக்கார வச்சு வெளையாடினா புள்ளைக்கு வராதா?"

டீச்சர் வந்து வாசலில் நின்றார். என்ன நடந்தது என்று மகன் சுருக்கமாகச் சொன்னார். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள் என்று சொன்னார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மொக்கு என்று சொன்னது பிழை என்று இப்போது சொல்வார் என நான் நினைத்தேன். அவர் யோசித்துச் சொன்னது வேறு.

"அப்ப அண்டைக்கு என்ரை முன்னால நிண்டதும் நடிப்பு," என்றார். "உப்பிடி நடிக்கிற பிள்ளையை வீட்டுக்குள்ள வச்சிருக்கேலாது. நாளையிலயிருந்து நீ தனிய வா."

தனியாக வர முடியாது என்று அம்மா சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்ததுதான். தும்புத்தடியை எடுத்துக் குசினிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். கையைக் கழுவினாள். நாங்கள் புறப்பட்டபோது டீச்சர் என் பையைத் தட்டவில்லை, பிஸ்கட்டும் தரவில்லை. கரண்ட் வராததால் படியால் இறங்கினோம்.

அந்த வேலை அதோடு போயிற்று. அம்மா கிராண்ட்பாஸில் ஒரு கடைக்குப் பை ஒட்டிக் கொடுத்தாள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை, ஆனால் வயிறு நிரம்பாத வேலை. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது அங்கே போகாமல் நானும் ஒட்டினேன். ஸ்கொலர்ஷிப் சோதனை வந்த நாளிலும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். பசை நகத்துக்குள் காய்ந்துவிடும்.

அண்ணாவின் வீடியோ வெளியான செய்தியைக் கொண்டுவந்தது பக்கத்து அறை அக்கா. அவளிடம் பெரிய போன் இருந்தது. பைப்படியில் வைத்துக் காட்டினாள். திரையில் ஒரு கை. அண்ணாவின் குரல். படத்துக்கு நல்ல வார்த்தை சொன்னார். கதைக்குத் திட்டினார், தங்கை சாகிற இடத்தையும் மறக்காமல் சொன்னார். பிறகு, இந்த விளையாட்டில் தான் முதலில் குறை என்று நினைத்ததுதான் இதன் பெரிய சிறப்பு என்றார். ஒரு சின்னப் பிள்ளை, கேம் என்றால் என்னவென்றே தெரியாதவள், ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல், சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தான் சட்டம் போட்டிருந்தும், சில கிழமைகளில் பழகிய ஆளையே வென்றாள் என்றார். இப்படிக் கற்றுக்கொடுக்கிற விளையாட்டைத் தான் பார்த்ததில்லை என்று பத்துக்கு ஒன்பது போட்டார்.

இது உன் கைதானா என்று அக்கா கேட்டாள். நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. யாராவது பெரிய வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கும் என்றாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். அக்கா போட்டாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அவர் சொல்கிற இடம் வந்ததும், இன்னொரு தரம் என்றாள். அக்கா இன்னொரு தரம் போட்டாள். சார்ஜ் இறங்குகிறது, கரண்ட் வர நேரமாகும் என்று முணுமுணுத்தாள்.

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பசை காய்ந்த கையை முந்தானையில் துடைத்தாள்.

"சொல்லிக் குடுத்திருக்கலாமே," என்றாள். அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.